ஜி.எஸ்.பி. வரிச்சலுகை: யாருக்குக் கிடைக்கும், எப்போது பறிபோகும்?

"ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைத்துவிட்டது", "ஜி.எஸ்.பி. போய்விட்டது" என்று செய்தி வரும்போதெல்லாம், அது ஏதோ வெளிநாட்டு நிதியுதவி என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஜி.எஸ்.பி. என்பது 'பொதுமைப்படுத்தப்பட்ட முன்னுரிமை முறை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இதில் பணம் எதுவும் கைமாறுவதில்லை. வளர்ந்துவரும் நாட்டிலிருந்து வரும் சரக்குக்குப் பணக்கார நாடு வழக்கமாகப் போடும் இறக்குமதி வரியைக் குறைத்துக்கொள்கிறது, சில நேரம் போடாமலே விடுகிறது, அவ்வளவுதான். அந்த வரியைக் கட்டுகிறவர் அங்கே சரக்கை வாங்கும் இறக்குமதியாளர் என்பதால் நேரடியாக மிச்சமாவதும் அவருக்குத்தான். ஏற்றுமதி செய்பவருக்குக் கிடைப்பது ஆர்டர்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு வழக்கமான வரி 12 சதவீதம். சாதாரண ஜி.எஸ்.பி. உள்ள நாட்டிலிருந்து வந்தால் 9.6 சதவீதம். ஜி.எஸ்.பி. பிளஸ் (கூடுதல் நிபந்தனைகளை ஏற்கும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் பெரிய சலுகை) பெறும் நாடு என்றாலோ, ஐ.நா. பட்டியலில் உள்ள மிகவும் பின்தங்கிய நாடு என்றாலோ வரியே இல்லை. பின்தங்கிய நாடுகளுக்கான இந்த ஏற்பாடு 2001-ல் வந்தது, 'ஆயுதம் தவிர எல்லாம்' என்று அதற்குப் பெயர், பெயருக்கு ஏற்றபடி ஆயுதங்களைத் தவிர எதற்கும் வரி கிடையாது. சில சென்ட் வித்தியாசத்துக்காக ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடும் தொழிலில் 12 சதவீதம் என்பது ஒரு ஆலை ஓடுமா நிற்குமா என்பதையே தீர்மானிக்கக்கூடிய தொகை.

உலக வர்த்தக விதிப்படி ஓர் உறுப்பு நாட்டுக்குக் கொடுக்கும் வரிச்சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும். அப்படியிருக்க இந்தச் சலுகை எப்படிச் சாத்தியமானது? 1968-ல் புதுதில்லியில் நடந்த அங்க்டாட் (ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி அமைப்பு) மாநாட்டில் வளரும் நாடுகள் இதைக் கேட்டுப் பெற்றன. 1971-ல் காட் அமைப்பு (இன்றைய உலக வர்த்தக அமைப்பின் முன்னோடி) பத்தாண்டுக்கு விலக்கு கொடுத்தது, 1979-ல் அதுவே நிரந்தர ஏற்பாடானது. இதில் கவனிக்க வேண்டியது, சலுகை பெறும் நாடு பதிலுக்கு எதையும் தர வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தம் போட்டு வாங்கியது இல்லை என்பதால், கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் நிபந்தனையை மாற்றலாம், திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பலவீனத்தைப் பற்றி அரசாங்கங்கள் தங்கள் மக்களிடம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

சரி, நாடு பட்டியலில் இருந்தால் போதுமா? போதாது. சரக்கு அந்த நாட்டிலேயே உருவானது என்று காட்ட வேண்டும். பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்திய பிறகு, பங்களாதேஷ் போன்ற பின்தங்கிய நாடு சீனாவிலிருந்து துணியை இறக்குமதி செய்து, வெட்டித் தைத்து அனுப்பினாலும் வரிவிலக்கு உண்டு. ஜி.எஸ்.பி. பிளஸ் பெறும் இலங்கைக்கு அது பொருந்தாது. பொதுவாகத் துணி நெய்வதோ பின்னுவதோ உள்நாட்டில் நடந்து, அதற்கு மேல் தையலும் அங்கேயே நடக்க வேண்டும். அண்டை நாட்டுத் துணியைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு, அதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு. இதனால் சலுகை கையில் இருந்தும் முழு வரி கட்டி உள்ளே போகும் சரக்கு ஏராளம். துணி ஆலை இல்லாத நாட்டுக்கு வரிவிலக்கு பாதி காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆவண வேலை முன்பைவிடச் சுலபம்தான். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர் ரெக்ஸ் என்ற முறையில் ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும், பிறப்பிட அறிக்கையை விலைப்பட்டியலிலேயே தானே எழுதிக்கொடுக்கலாம். 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு அந்தப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் எழுதியது தவறென்று பின்னால் தெரிந்தால் விடுபட்ட வரியை இறக்குமதியாளரிடம் வசூலிப்பார்கள், அப்புறம் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். அதனால் துணி வாங்கிய ரசீது முதல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது பறிபோகும் கதை. ஜி.எஸ்.பி. பிளஸ் வேண்டுமென்றால் மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். மனித உரிமைக் காரணங்களுக்காக இலங்கை 2010 ஆகஸ்டில் இழந்தது, 2017 மே மாதம் திரும்பப் பெற்றது. 'ஆயுதம் தவிர எல்லாம்' ஏற்பாட்டில் இருந்த கம்போடியாவுக்கும் 2020 ஆகஸ்டில் அந்தச் சலுகையில் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. தவறு செய்வது ஆட்சியாளர்கள், முதலில் வேலை போவது தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு. இருந்தாலும் இந்த நிபந்தனையே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை, சங்கம் அமைக்கும் உரிமைக்கு வெளியிலிருந்து வரும் அழுத்தம் பல நாடுகளில் இது ஒன்றுதான்.

உரிமை மீறல் எதுவும் இல்லாவிட்டாலும் சலுகை போகலாம். அமெரிக்கா, தன் பொருட்களுக்குச் சந்தையைப் போதுமான அளவு திறக்கவில்லை என்று சொல்லி 2019 ஜூனில் இந்தியாவை நீக்கியது. அந்தத் திட்டமே 2020 டிசம்பர் 31-ல் காலாவதியானது, ஆண்டுகள் பல ஓடியும் புதுப்பிக்கப்படவில்லை.

வளர்ந்தாலும் போகும். உலக வங்கிக் கணக்கில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உயர்நடுத்தர வருமான நாடாக இருந்தால் ஐரோப்பிய ஜி.எஸ்.பி.யில் இடமில்லை, 2015 தொடக்கத்தில் சீனாவும் தாய்லாந்தும் வெளியேறியது இப்படித்தான். பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறும் நாட்டுக்கு ஐரோப்பா மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. மாலத்தீவு 2011 தொடக்கத்தில் பட்டியலைவிட்டு வெளியே வந்தது, 2014 பிறந்ததும் அதன் சூரை மீனுக்கு ஐரோப்பாவில் வரி விழுந்தது. 2007-ல் வெளியேறிய கேப் வெர்டேயோ உடன்படிக்கைகளை ஏற்று, ஜி.எஸ்.பி. பிளஸுக்கு விண்ணப்பித்து, நீட்டிக்கப்பட்ட அவகாசம் முடிவதற்குள் 2011 டிசம்பரில் அதைப் பெற்றுக்கொண்டது.