எமர்ஜென்சி ஹீட் பட்டன்ல சும்மா கை வைக்காதீங்க

போன ஜனவரில ஸ்கார்பரோல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், ஹைட்ரோ பில் (டொராண்டோ பக்கம் கரண்ட் பில்ல அப்படித்தான் சொல்லுவோம்) எகிறிடுச்சு, ஹீட் பம்ப் (வெளிக்காத்துல இருக்கிற சூட்ட வீட்டுக்குள்ள இழுத்துட்டு வர்ற கரண்ட் மெஷின்) வாங்கினதே தண்டம்னு ஒரே புலம்பல். மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தெர்மோஸ்டாட்ட (எத்தன டிகிரி வேணும்னு செட் பண்ற சுவத்துப் பெட்டி) எமர்ஜென்சி ஹீட்ல போட்டு வச்சிருக்காங்க. "வெளிய மைனஸ் 15 தம்பி, எமர்ஜென்சி தானே?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க, என்னத்த சொல்ல!

அந்த மோட்ல போட்டா வெளிய இருக்கிற கம்ப்ரஸர் சுத்தமா நின்னுரும், உள்ள இருக்கிற ஹீட்டர் காயில் மட்டும்தான் எரியும், வெந்நீர் போட வாளில விடுற ராடு மாதிரின்னு வச்சுக்கங்க. 10 கிலோவாட் காயில் ஒரு மணி நேரம் ஓடினா 10 யூனிட். அதே சூட்ட ஹீட் பம்ப் ஓரளவு குளிர்ல 4 யூனிட்ல குடுத்துரும், குளிர் ஏற ஏற அந்த லாபம் குறையும், அவ்ளோதான். வெளி யூனிட் ரிப்பேரானா மெக்கானிக் வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் அந்த பட்டன்.

ஸ்க்ரீன்ல ஆக்ஸ்னு (ஆக்ஸிலரி, அதாவது துணை சூடு) வர்றது வேற. அப்ப ஹீட் பம்ப்பும் ஹீட்டர் காயிலும் சேர்ந்து ஓடும், கடுங்குளிர்லயும் வெளி யூனிட்ல ஐஸ் உருக்குற நேரத்துலயும் அது தானா வரும், பயப்பட வேணாம். ஆனா வெளிய 5 டிகிரி இருக்கும்போதே அடிக்கடி வந்தா செட்டிங் தப்பு, இல்ல டபிள்யூ2 வயர (அந்த ஹீட்டர் காயில ஆன் பண்ற வயர்) எவனோ மாத்தி சொருகிட்டுப் போயிருக்கான் (நானே பாத்திருக்கேன்). எத்தன டிகிரிக்கு மேல ஆக்ஸ் வரவே கூடாதுன்னு தெர்மோஸ்டாட்ல மெஷின் மாட்டுறவங்களுக்கான இன்ஸ்டாலர் மெனுல ஒரு லாக்கவுட் இருக்கும், நிறைய பேர் அத தொடாமலே கெளம்பிடுறாங்க.

இன்னொரு தப்பு, மிச்சம் பிடிக்கிறேன்னு ராத்திரி 16க்கு எறக்கிட்டு காலைல 6 மணிக்கு 21க்கு ஏத்துறது, அஞ்சு டிகிரி வித்தியாசத்த பாத்ததும் தெர்மோஸ்டாட் உடனே ஆக்ஸ கூப்பிட்டுரும், ராத்திரி மிச்சம் பிடிச்சதுல நிறைய அங்கயே போயிரும். ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல எறக்காதீங்க.

ஹீட்டர் காயிலுக்குப் பதிலா பேக்கப்பா கேஸ் பர்னேஸ் (கேஸ எரிச்சு வீட்ட சூடாக்குற மெஷின்) இருந்தா, அதுவும் ஹீட் பம்ப்பும் ஒரே நேரத்துல வீட்ட சூடாக்க ஓடவே கூடாது, பர்னேஸ் சூடு நேரா ஹீட் பம்ப் காயில்ல அடிச்சு பிரஷர் ஏறி கம்ப்ரஸர் ட்ரிப் ஆயிரும்.

எமர்ஜென்சி ஹீட்ட ஆஃப் பண்ணி சாதா ஹீட்டுக்கு மாத்திட்டு வந்தேன், அந்த ஸ்கார்பரோ அம்மா ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணாங்க, "காத்து முன்ன மாதிரி சுடலையே தம்பி"ன்னு. சுடாதும்மா, மிதமாத்தான் வரும், ரொம்ப நேரம் ஓடும், ரூம் 21ல நிக்குதான்னு மட்டும் பாருங்கன்னேன்.