பஞ்சாங்கம் பார்க்கும் குருவி

கண்மாய் நிறையாத ஆண்டில் நத்தைகுத்தி நாரையைக் காணோம். தகைவிலான் குருவி மட்டும் தவறாமல் புரட்டாசியில் வந்து மின்கம்பியில் உட்கார்ந்துவிடுகிறதே, எப்படி? சாமநத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது பள்ளிப் பாடம். அந்தச் சாய்வால் மதுரையில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். 55 பாகை வடக்கே போனால் பத்து மணி நேரம். தகைவிலான் கூடு கட்டுவது வடக்கில். அங்கே மழை பொய்த்தாலும் பகலின் நீளம் பொய்க்காது; அதை வைத்தே குருவி கூடு கட்டவும் தெற்கே கிளம்பவும் நாள் பார்க்கிறது.

பகலின் நீளத்தைப் பறவை அளக்கும் விதம்தான் எனக்குத் தீராத வியப்பு. கண்ணால் அல்ல! 1930களில் பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பெனுவா, பார்வையற்ற வாத்துகளும் வெளிச்சம் கூடக்கூட இனப்பெருக்கத்துக்குத் தயாராவதைக் கண்டார். வெளிச்சம் இறகையும் மண்டையோட்டையும் ஊடுருவி மூளைக்குள்ளேயே போகிறது. அதை உணரும் செல்கள் அங்கே இருக்கின்றன. அவை முழுப் பகலையும் அளப்பதில்லை. விடிந்து ஏறக்குறைய 14 மணி நேரத்தில் ஒரு மடை திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இருட்டிவிட்டிருந்தால் ஒன்றுமில்லை. வெளிச்சம் மிச்சமிருந்தால் ஹார்மோன் பாய்கிறது. ஜப்பானியக் காடையில் முதல் நெடும்பகலிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஆமாம், நம் பரோட்டாக் கடைகளில் வறுபடும் அதே காடைதான். படித்த நாளிலிருந்து எனக்கு அதைத் தின்ன மனம் வரவில்லை.

வலசைப் பறவைகளுக்கு உடலுக்குள் ஓர் ஆண்டுக் கடிகாரமும் உண்டு. பகல் அதிகம் மாறாத மதுரையிலிருந்து திரும்பிப் போக அது உதவுகிறது.

நாரையின் கதை வேறு. அதற்கு வேண்டியது நத்தை, நத்தைக்குத் தண்ணீர், தண்ணீருக்கு வடகிழக்குப் பருவமழை. இதில் நாள் குறிக்க முடியாது. எனவே அது பறந்து தேடுகிறது, நனைந்த வயலில் இறங்குகிறது. மழை பொய்த்தால் கூடு கட்டாமலே விடுகிறது. பஞ்சாங்கமும் சூரிய உதயத்தை நிமிடக் கணக்கில் சொல்லிவிடும்; எத்தனை மரக்கால் மழை என்று அதிலேயே எழுதியிருப்பதை நம்பி விதைத்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

பறவையும் தான் வந்து இறங்கும் ஊரின் வழக்கத்தை மாற்றும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை வருவதால் ஊர் அமைதி காக்கிறது. அமைதி இருப்பதால் பறவை அங்கேயே கூடு கட்டுகிறது. மழையை மட்டும் அந்த ஊராரால் ஒன்றும் செய்ய முடியாது. கண்மாய் வறண்டால் அங்கும் நாரை இறங்காது.