கடைசி வீட்டுக் குழாய்

ஒரு ஊரில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. சுகாதார ஆய்வாளர் வேலையில் இந்த மாதிரி நாட்களில் பையில் முதலில் எடுத்து வைப்பது, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்தான். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டதும் மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது; குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். டேங்க் ஆபரேட்டர் முகத்தில் நிம்மதி. "டெய்லி பவுடர் போடுறேன் சார்" என்றார். உண்மைதான். அப்புறம் தெருக்கோடிக்கு நடந்தோம். கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணீரில் துளிகூட மஞ்சள் இல்லை.

நடுவில் குழாய் சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தது. ஒரு இணைப்பில் கசிவு. தண்ணீர் வரும் நேரத்தில் உள்ளே அழுத்தம் இருப்பதால் கசிவு வெளிப்பக்கம் போகும். நிறுத்தியதும் அழுத்தம் விழுந்து, அதே ஓட்டை சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். இதில் நாலு வீட்டில் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். கேட்கவா வேண்டும்! உள்ளே வந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துவிடுகிறது.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இருந்தது. இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது. எல்லா ஊரக வீட்டுக்கும் குழாய் என்பதற்கான 2024 கெடு 2028க்குத் தள்ளிப் போனாலும், இது சாதாரண வேலை இல்லை. குடம் சுமந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்த வாக்குறுதி வெறும் குழாய்க்கானது அல்ல. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதுவும் தரமான தண்ணீர் என்பதே பேச்சு. குழாயை எண்ணுவது சுலபம். தரத்தைத் தினமும் தெருத்தெருவாகப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியோடு பயிற்சி என்ற ஏற்பாடும் திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பெட்டி பீரோவுக்குள் தூங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிளீச்சிங் பவுடரிலும் ஒரு சங்கதி உண்டு. புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் குளோரின். மூட்டை வாய் திறந்து கிடந்தால் ஈரமும் வெயிலும் பட்டு வீரியம் போய், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்த மேல் நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். "மருந்து வாடை அடிக்குது" என்று நாம் போடும் சண்டைக்குப் பயந்து அளவைக் குறைக்கும் ஆபரேட்டர்களும் உண்டு.

அந்த ஊரில் குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட்ட பிறகுதான் கடைசி வீட்டில் மஞ்சள் வந்தது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடும். எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்று அங்கே வாசிப்பார்கள். கேட்டுவிட்டு, கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்.