உளமாய நோய்: வன்னியின் இளையோர் கிளினிக்குக்கு ஏன் பிந்தி வருகிறார்கள்?

இல்லாத குரல் கேட்பது, இல்லாததை உண்மையென நம்புவது என்று நிஜம் பிடிபடாமல் போகும் உளமாய நோய் (சைக்கோசிஸ்) பெரும்பாலும் தலைகாட்டுவது உயர்தரம் படிக்கும் வயதிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும்தான். இரவில் உறக்கமில்லை, படிப்பில் நாட்டமில்லை, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று பிள்ளை சாப்பிட மறுக்கிறது. வீட்டார் முதலில் சோதனைப் பயம் என்பார்கள், பிறகு காதல், அதன்பின் செய்வினை. நூல் கட்டிக் கழிப்புக் கழிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சிகிச்சையில்லாத இந்தக் காலம் நீள நீள, குணமாவதும் கடினமாகிறது. கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. கட்டிவைப்பதும் அடிப்பதும்தான் கூடாது.

இங்கே அவசர முடிவும் ஆபத்து. 2009இல் போரில் தாயை இழந்த பிள்ளைக்கு அவர் கூப்பிடுவது கேட்டால், அது துக்கமாகவும் இருக்கலாம். குரல் கட்டளையிடுகிறதா, மற்றவர்கள் தனக்கெதிராகச் சதி செய்வதாக நம்புகிறதா, அன்றாட வேலை குலைந்ததா என்று கேட்க வேண்டும். காய்ச்சல், வலிப்பு, தலைக்காயம், கஞ்சா, ஐஸ் போதைப்பொருள் பற்றியும்தான். உடலில் செல் (எறிகணை) துண்டு இருந்தால், காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள்.

முதன்முறை நோயுறும் இளையோருக்குக் குறைந்த அளவு மருந்தே பெரும்பாலும் போதும். ரிஸ்பெரிடோன் 1 மி.கி.இல் தொடங்கி மெல்லக் கூட்டலாம். எடுத்த எடுப்பில் ஹலோபெரிடோல் ஊசியை அதிகமாகப் போட்டால் கழுத்து இழுக்கும், கண் மேலே செருகும். அதைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் சீக்கிரம் சரியாகும். ஆனால் பயந்த பிள்ளை மறுபடி கிளினிக் பக்கம் வராது. ஓலான்சபீன் எடையைக் கூட்டும். ஆகவே தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்பு பார்த்து, முதல் 6 வாரமும் வாரந்தோறும் எடை நிறுக்க வேண்டும்.

இளையோருக்கான தனிச் சேவைக்கு மெல்பேர்ன் 1990களின் தொடக்கத்திலேயே வழிகாட்டியது. இங்கிலாந்தில் இத்தகைய சேவையில் ஓர் உத்தியோகத்தரின் பொறுப்பில் சுமார் 15 பேர்தான். வன்னிக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். நீண்டகால நோயாளர் நிறைந்த கிளினிக்கில் 17 வயதுப் பிள்ளையை இருத்தினால், 'நானும் இப்படித்தான் ஆவேனா?' என்று மிரளும். அவர்களுக்கென ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காயிலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கு வந்துபோனால் ஒருநாள் கூலி போய்விடும். சுகமானதும் மருந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். குணமான பின்னும் குறைந்தது ஓரிரு வருடம் மருந்து தொடர வேண்டும். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். வராதவருக்கு அன்றே அழைப்பு, அந்த வாரத்துக்குள் வீட்டுச் சந்திப்பு. வைத்தியசாலை வாகனத்தைப் படலையடியில் நிறுத்தாதீர்கள். அயலார் பேச்சுக்கு அஞ்சியே பல வீடுகள் கதவடைக்கின்றன.

ஆலோசனைக்கு மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். சாகும்படி குரல் சொல்கிறது என்றால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரை பூச்சிமருந்தை எடுத்தொளித்துவிட்டுப் பிள்ளையோடு ஒருவர் இருக்க வேண்டும்.