கைப்பேசியில் காசோலை செலுத்துதல்: அமெரிக்க விதிமுறை சொல்வது என்ன?

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், ஊரில் ஏறக்குறைய மறந்தே போன காசோலையை இங்கே மீண்டும் கையாள வேண்டியிருக்கிறது. காலி செய்த வீட்டின் முன்பணம், காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தரும் தொகை ஆகியவை இன்றும் பல நேரங்களில் தபால் உறையில் காசோலையாகவே வருகின்றன. அதை வங்கிக்கு எடுத்துச் செல்லாமல், கைப்பேசிச் செயலியில் படம் எடுத்தே கணக்கில் செலுத்திவிடலாம்.

இதற்கு வழிவிட்டது 'செக் 21' என்று அழைக்கப்படும் சட்டம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, வான்வழியே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காசோலை மூட்டைகள் ஆங்காங்கே தேங்கிவிட்டன. காகிதம் பயணம் செய்தால்தான் பணம் கைமாறும் என்ற ஏற்பாட்டின் பலவீனம் அப்போது பளிச்சென்று தெரிந்தது. 2003 அக்டோபர் 28 அன்று கையெழுத்தாகி, சரியாக ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த இச்சட்டம், படத்திலிருந்து விதிப்படி அச்சிடப்படும் மாற்றுக் காசோலைக்கு மூலக் காசோலைக்குரிய அதே மதிப்பை வழங்கியது. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை ஏற்றே தீர வேண்டும் என்று எந்த வங்கியையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே கைப்பேசி வழியே செலுத்துவது உங்கள் சட்ட உரிமை அன்று. வங்கி தன் ஒப்பந்தத்தின்படி தரும் வசதி. ஒரு நாளைக்கு எவ்வளவு செலுத்தலாம் என்ற வரம்பையும் வங்கியே வைக்கிறது.

படம் எடுப்பதற்கு முன் காசோலையின் பின்பக்கம் கையொப்பமிட்டு, அதன்கீழ் 'ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி' என்று எழுதுங்கள். சில வங்கிகள் தங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லும். கணவன், மனைவி இருவர் பெயருக்கும் வந்த காசோலையில் இடையே 'அண்ட்' என்றிருந்தால் இருவரும் கையொப்பமிட வேண்டும், 'ஆர்' என்றிருந்தால் ஒருவர் போதும். 04/07 என்ற தேதி இங்கே ஏப்ரல் 7 என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கறுப்பு மேசை போன்ற அடர்நிறப் பரப்பில் வைத்து, நான்கு மூலைகளும் அடியிலுள்ள எண் வரிசையும் தெளிவாக விழும்படி இரு பக்கங்களையும் படமெடுத்தால், செயலி பெரும்பாலும் மறுக்காது.

பணம் ஏறிய பிறகும் காகிதம் நம் கையிலேயே இருக்கிறதே, அதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் கைப்பேசியில் செலுத்திவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவைத்த காசோலை ஒன்றை, இரண்டு மாதம் கழித்து மறதியாக வேறொரு வங்கியின் கிளையில் செலுத்திவிட்டோம். அது திரும்பி வந்து, கட்டணமும் பிடித்தார்கள். பின்பக்கம் அந்த ஒரு வரி எழுதியிருந்தால் முகப்பிலேயே கவனித்திருப்பார்கள். 2018 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, இப்படி இரண்டாவதாக மூலக் காசோலையை வாங்கி நட்டப்பட்ட வங்கி, படத்தை ஏற்ற வங்கியிடம் இழப்பீடு கோரலாம். ஆனால் அந்த வரி எழுதப்பட்ட காசோலையை அது வாங்கியிருந்தால் கோர முடியாது. வங்கிகள் அந்த வரியை வலியுறுத்துவதற்கு இதுவே முக்கியக் காரணம். உங்கள் வங்கி சொல்லும் நாள்வரை காசோலையைப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு எண் வரிசை துண்டாகும்படி கிழித்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: கணக்கில் பணம் தெரிவது வேறு, காசோலை தேறுவது வேறு. கிளைக்கு நேரில் சென்று செலுத்தும் காசோலையில், பொதுவாக முதல் 275 டாலரை அடுத்த வேலைநாளிலேயே எடுக்க விட வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் உள்ள விதி. கைப்பேசியில் செலுத்தினால் இதே கால அட்டவணை பொருந்தும் என்று நம்பிவிடாமல், ஒப்பந்தத்தைப் பாருங்கள். எந்த வழியில் செலுத்தினாலும், எடுக்கக் கிடைத்த பணம் முடிவாக வந்து சேர்ந்த பணம் ஆகிவிடாது. காசோலை போலி என்று சில வாரங்கள் கழித்துத் தெரிந்தாலும் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே திரும்பப் பிடிக்கும். பகுதிநேர வேலை தருவதாகச் சொல்லிக் காசோலை அனுப்பி, 'உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்' என்று மாணவர்களை ஏமாற்றுகிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படி யாராவது கேட்டால் ஒரு டாலர்கூட அனுப்பாமல், முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள்.