எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியல்

ஒரு தனிமத்தின் அணுக்கள் எந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை எவ்வளவு உட்கவர்கின்றன என்று அளந்து, அவை எவ்வகைச் சேர்மத்தில் அமைந்துள்ளன என்பதை அறியும் முறையே எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியல். உயிர்களிலுள்ள கந்தகத்தை ஆராய இது பெரிதும் உதவுகிறது. இயற்கையில் கிடைக்கும் கந்தக அணுக்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றின் அணுக்கருவுக்குத் தற்சுழற்சி இல்லாமையால், அணுக்கருவின் காந்த இயல்பைக் கொண்டு சேர்மங்களை ஆராயும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறைக்கு அவை புலப்படுவதில்லை.

நிறமாலை என்பதற்கு மூலமான 'ஸ்பெக்ட்ரம்' தோற்றம் என்று பொருள்படும் இலத்தீன் சொல். முப்பட்டகத்தில் பிரிந்த வண்ணப் பட்டைக்கு அதை வழங்கியவர் நியூட்டன். 1895இல் தாம் கண்ட கதிரின் இயல்பு விளங்காததால் ராண்ட்கன் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். தமிழில் 'ஊடுகதிர்' என்ற அழகான சொல் இருந்தும் இத்துறைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கந்தக ஆய்வுக்குரிய ஏறத்தாழ 2,472 எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கதிர் காற்றிலேயே சில சென்டிமீட்டருக்குள் பெரிதும் தேய்ந்துவிடுவதால், மாதிரியைச் சுற்றி ஹீலியம் நிரப்புகிறார்கள். ஊடுருவுவதைவிட உட்கவரப்படுவதே இங்கு முதன்மையானது. பாடநூல்களில் வழங்கும் 'உட்கவர்' என்ற சொல் அதைச் சரியாகச் சுட்டுகிறது.

கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், கந்தகத்தின் உள்கூட்டு எலக்ட்ரான் கிளர்வுறும் இடத்தில் உட்கவர்வு திடீரென ஏறும். இதனைக் 'கே விளிம்பு' என்பர். சல்பைடில் தாழ்ந்த ஆற்றலில் எழும் இவ்விளிம்பு, சல்பேட்டில் ஏறத்தாழ 2,482 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை, அதாவது சேர்மத்தில் அது எலக்ட்ரான்களை இழந்துள்ள அளவு, உயர்வதே காரணம். உயிரியல் மாதிரிகளில் கந்தகத்தின் வடிவங்களை இவ்வாறு பிரித்தறியலாம் என்பதை 1998இல் இங்கிரிட் பிக்கரிங், கிரகாம் ஜார்ஜ் முதலியோர் விளக்கினர்.

இதன் அருமை வெங்காயத்தில் தெளிவாகும். முழு வெங்காயத்தின் உயிரணுக்களில் கந்தகச் சேர்மங்களும் அவற்றைச் சிதைக்கும் அலினேஸ் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி பட்டு உயிரணு உடைந்ததும் அவை கலந்து, கண்ணைக் கரிக்கச் செய்யும் ஆவிச்சேர்மம் உண்டாகிறது. அரைத்துச் சாறெடுத்துப் பகுத்தால், அறிய விரும்பிய வேதிநிலை அரைக்கும்போதே மாறிவிடும். எக்ஸ் கதிர் முறையிலோ, உரித்தெடுத்த மெல்லிய தோலை அப்படியே கற்றையின் முன் வைத்து, உட்கவர்ந்த அணுக்கள் திரும்ப வெளியிடும் கதிரைக் கொண்டு அளக்கலாம். ஆயினும், கற்றையே சில கந்தகப் பிணைப்புகளைச் சிதைக்கக்கூடுமாதலால், மாதிரியைக் கடுங்குளிரில் வைத்தோ கதிர்படும் நேரத்தைக் குறைத்தோ அளப்பது வழக்கம்.