ஆர் சொன்னது?

போன மாரியில் ஒருநாள் தரம் 10 வகுப்புக்குள் போனபோது ஒருவரும் புத்தகம் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒரு படம் முதல்நாள் இரவே வட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. 2004 டிசம்பருக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் "கடல் வருகுது" என்ற சொல்லை யாரும் சும்மா கேட்டுவிட்டுப் போவதில்லை. ஒரு மாணவிக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

சரி, இன்றைக்குப் பாடம் இதுதான் என்று என் கைபேசியில் படத்தைக் காட்டினேன். "உண்மையோ பொய்யோ என்று சொல்லவேண்டாம். என்ன தெரியுது என்று மட்டும் சொல்லுங்கோ." தண்ணீர், தென்னை, சரிந்த மோட்டார் சைக்கிள் என்று அடுக்கினார்கள். பின்வாங்கில் இருந்த ஒருவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சேர், நம்பர் டிஎன்னில தொடங்குது" என்றான். தமிழ்நாட்டு இலக்கத்தகடு! கூகுள் லென்ஸில் போட்டபோது 2018 கஜா புயல் காலத்துப் படம் என்று தெரிந்தது. வகுப்பில் நாங்கள் பிடித்த பொய்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: படம் உண்மை, ஊரும் நாளும் பொய்.

எல்லாப் படத்திலும் நம்பர் தெரியாது. செயற்கை நுண்ணறிவு செய்த படத்தில் நம்பரே கற்பனையாக இருக்கும். அதனால் படத்தைத் துருவுவதோடு, அது யாரிடமிருந்து வந்தது என்று தேடவும் பழக்குகிறேன். வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பியவருக்கே முதலில் அனுப்பியவர் ஆர் என்று தெரியாது. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேட்கலாம்.

எனக்குப் பிடித்த பயிற்சி வேறொன்று. பத்திரிகைச் செய்தி ஒன்றைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்து, 'படு' வரும் வினைகளையெல்லாம் சிவப்பால் சுழிக்கச் சொல்வேன். தாக்கப்பட்டார், கைதுசெய்யப்பட்டார், எனத் தெரிவிக்கப்படுகிறது, எனக் கூறப்படுகிறது. அப்புறம் ஒவ்வொரு சுழிக்குப் பக்கத்திலும் "ஆர்?" என்று எழுதவேண்டும். ஒரு செய்தியில் ஏழு "ஆர்?" விழுந்தது, ஒன்றுக்குக்கூடச் செய்திக்குள் பதில் இல்லை. பிள்ளைகள் பத்திரிகைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. பிபிசிக்குச் செய்தி அனுப்பிய பத்திரிகையாளர் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. (பாருங்கள், நானும் 'கொல்லப்பட்ட' என்றுதான் எழுதுகிறேன்.) சில 'படு'க்கள் சோம்பல், சில தந்திரம், சில உயிர்ப்பயம். எது எது என்று பிரித்தறிவதுதான் கடினமான பாடம். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

இதெல்லாம் புதிதாக வந்த வித்தை என்றும் நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டவர்கள் எங்கள் பெரியவர்கள். இலங்கை வானொலி ஒன்று சொல்லும், பிபிசி தமிழோசை இன்னொன்று சொல்லும், வெரித்தாஸ் வானொலி வேறொன்று சொல்லும். மூன்றையும் கேட்டுவிட்டு, படலையடியில் நின்று கணக்குப் பார்ப்பார்கள்.

அதே பெரியவர்கள்தான் இன்று கனடாவிலிருந்து வரும் எதையும் குடும்பக் குழுவில் தட்டிவிடுகிறார்கள் என்பது வேறு கதை. பிள்ளைகளுக்குப் பொய்யைக் கண்டுபிடிப்பது லேசு, அதைப் பெரியப்பாவிடம் சொல்வதுதான் பாடு. "இது பொய்" என்று போட்ட ஒருத்திக்கு வீட்டில் நல்ல பேச்சு விழுந்தது. அதனால் இப்போது வகுப்பில் வசனங்களையும் பழகுகிறோம். "பெரியப்பா, இது உங்களுக்கு ஆர் அனுப்பினவை? நான் அவையிட்டைக் கேட்டுப் பாக்கட்டே?"

போன கிழமை அவள் அதை அனுப்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் பெரியப்பா தான் போட்டிருந்த படத்தை அழித்துவிட்டு, குழுவில் எல்லாருக்கும் காலை வணக்கம் போட்டாராம்.